ஒன்று என்பது ஐந்து எனக் கருதப்படும்

அன்று குள்ளன்கொட்டாய் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் இருந்தவர்கள்: வட்டார நம்பகத்தன்மை உறுதிப்பாட்டு அலுவலர் மாதவராஜ், டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்த அவருடைய உதவியாளர் அருண்குமார், தலைமை ஆசிரியை ராதிகா, ஊராட்சிச் செயலாளர் ராஜப்பன், மருந்துக்கடை கலைமணி, சமையலர் சகாயராணி, சமையல் உதவியாளர் சின்னக்கா, நான். மொத்தம் எட்டு. வாசலில் ஒரு வெள்ளாடும் நின்றது. அது யார் சார்பில் வந்தது என்று தெரியாததால் சேர்க்கவில்லை.

பள்ளிக் குழுவில் ஊர்ப் பெரியவர் என்று ஓர் இடம் உண்டு. பேசத் தெரிந்த பெரியவர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டதால், பேசாத என்னைப் போட்டார்கள். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிச் சொல்வது என் பொறுப்பு.

நம்பகத்தன்மைப் பிரிவு புதிதாக வந்தது. ஜனங்கள் எதையும் நம்புவதில்லை என்று மேலே யாரோ கண்டுபிடித்து, அதைச் சரிசெய்ய ஓர் அலுவலகம் திறந்திருந்தார்கள். ஊரில் இருக்கிற எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போடுவது அதன் வேலை. நூலகத்துக்கு மூன்று, ரேஷன் கடைக்கு இரண்டு, தண்ணீர்த் தொட்டிக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே வந்து, சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகச் சத்துணவுக் கூடத்தை அடைந்திருந்தார் மாதவராஜ்.

சகாயராணியின் சாம்பாரை ஆய்வு செய்தார். இரண்டாம் முறையும் ஆய்வு செய்தார். மூன்றாம் முறை அவள் ஊற்றக் குனிந்தபோதுதான், ரவிக்கையின் முழுக்கை கொஞ்சம் மேலேற, இடது முன்கையில் வட்டமாகச் சிவந்திருந்ததைப் பார்த்தார். ஆனாலும் கடமை தவறவில்லை. இலையை முடித்து, மோர் குடித்து, கை கழுவித் துடைத்துவிட்டு, அதன் பிறகு அதிர்ச்சியடைந்தார்.

"கையில என்னம்மா அது?"

"படர்தாமரைங்க சார். டாக்டர்கிட்ட காட்டிட்டேன். மாத்திரை சாப்பிடறேன். சமைக்கலாம்னு எழுதியும் குடுத்திருக்காரு."

பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள். இடது முன்கையில் இரண்டு அங்குல வட்டம், சிகிச்சையில் இருக்கிறது, முழுக்கை ரவிக்கை அணிந்து சமைப்பதில் தடையில்லை என்று பக்கத்து ஏரியூர் தோல் டாக்டர் திருமால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவருடைய ஆஸ்பத்திரி உரக்கடை மாடியில் இருந்தது. எங்கள் ஊரில் யாருக்கு எங்கே அரித்தாலும் அந்த மாடிப்படிதான் ஏறுவோம்.

மாதவராஜ் காகிதத்தைப் படித்தார். முழுக்கைக்குள் மறைந்து கிடந்த கையையும் பார்த்தார். பிறகு, எங்கள் ஊரில் அதுவரை யாருமே கேட்டிராத கேள்வியைக் கேட்டார்.

"இந்த டாக்டர் நம்பகமானவரா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். போனோம், காட்டினோம், ஆறியது. அதற்கு மேல் யோசித்ததில்லை.

கலைமணிக்கு மட்டும் பதில் தெரிந்திருந்தது. அவர் கடையில் சிவப்பு மூடி போட்ட ஒரு களிம்பு விற்கிறது. பூசினால் அரிப்பு நாலு நாள் அடங்கி, ஐந்தாம் நாள் குடும்பத்தோடு திரும்பி வரும். அதை யாரும் வாங்காதீர்கள் என்று திருமால் டாக்டர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த டாக்டர் தேவையில்லாததையெல்லாம் பேசுகிறவர் என்று கலைமணி வருத்தத்தோடு தெரிவித்தார்.

ராதிகா டீச்சர், சந்தேகம் இருந்தால் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி எழுதி வாங்கலாமே என்றார். மாதவராஜ் தலையை ஆட்டினார். விதியில் உள்ளூர் மருத்துவர் என்றிருக்கிறதாம். தருமபுரி, தருமபுரியில் இருப்பவர்களுக்குத்தான் உள்ளூர்.

ஆகவே அங்கேயே உத்தரவு எழுதப்பட்டது. மேற்படி சமையலர், நம்பகத்தன்மை வாய்ந்த உள்ளூர் தோல் மருத்துவர் ஒருவரின் சான்றிதழை முன்வைக்கும் வரை, அடுப்பு, அண்டா, கரண்டி ஆகியவற்றிலிருந்து விலகி நிற்க வேண்டும். இரண்டு மாதத்துக்குள் முன்வைக்காவிட்டால் சமையல் வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்படும்.

சகாயராணியின் கணவர் செபாஸ்டினுக்கு மாங்காய் மண்டியில் வேலை. மாங்காய் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். மகள் நர்சிங் படிப்பது இந்தக் கரண்டியை நம்பித்தான். சகாயராணி கரண்டியைக் கழுவிச் சின்னக்காவிடம் நீட்டினாள்.

சின்னக்கா அதை வாங்கவில்லை. "எனக்கு வேண்டாங்க சார். என் கொழம்பை எங்க வூட்டுக்காரரே தொடமாட்டாரு."

"விதிப்படி அடுத்தது நீங்கதாம்மா."

"விதின்னா அது பசங்க விதிதாங்க," என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டாள்.

நம்பகத்தன்மையை எப்படி அளப்பது என்று கேட்டோம். அருண்குமார் முன்னால் வந்தார். வெயிலுக்குப் பயந்து மணிக்கு ஒரு முறை முகத்தில் ஏதோ பூசிக்கொள்ளும் பிள்ளை அவர். கழுத்து வரைக்கும் ஒரு ஆளாகவும் அதற்கு மேல் வேறு ஆளாகவும் தெரிவார். டேப்லெட்டைத் தேய்த்து, திருமால் டாக்டரின் பெயரை எடுத்துக் காட்டினார். இருபத்தாறு பேர் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். சராசரி நாலு புள்ளி மூன்று. அலுவலகம் ஏற்றுக்கொள்வது நாலு புள்ளி ஐந்திலிருந்து.

மாதவராஜ் சகாயராணியிடம் திரும்பினார். "அஞ்சுக்கு நாலு புள்ளி மூணுதான் இருக்கு. மீதி புள்ளி ஏழு எங்கேம்மா?"

"நான் எடுக்கலீங்க சார்."

எடுத்தவர்களை ராதிகா டீச்சர் கண்டுபிடித்தார். இருபது பேர் ஐந்து போட்டிருந்தார்கள். ஆறு பேர் இரண்டு போட்டிருந்தார்கள். அந்த ஆறு பேரும் முகத்தை வெள்ளையாக்கப் போனவர்கள். பாலக்கோட்டிலிருந்து வந்த ஒருத்தி தன் மனக்குறையை விளக்கமாக எழுதியிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு ஷேடு ஏற்றித் தரச் சொன்னாளாம். டாக்டர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த நிறத்துக்கு ஒரு வியாதியும் இல்லை, போய்ப் பத்திரிகை வையம்மா என்று சொல்லி, பீஸ் கூட வாங்காமல் அனுப்பிவிட்டாராம். பீஸ் வாங்காத டாக்டரை எப்படி நம்புவது என்று முடித்திருந்தாள்.

"அப்படின்னா நம்ம ஊர்க்காரங்க போடலாமே சார்," என்றார் ராஜப்பன்.

போடலாம் என்றார் மாதவராஜ். மக்கள் பங்கேற்பை அலுவலகம் வரவேற்கிறது.

ராஜப்பன் காரியத்தில் இறங்கினால் முடிக்காமல் விடமாட்டார். மறுநாள் ஏரி வேலை நடக்கிற இடத்தில் மைக்கைப் பிடித்தார். நம்ம ராணியக்கா மறுபடி கரண்டி பிடிக்க வேண்டும் என்றால் நம்ம டாக்டரை எல்லாரும் சேர்ந்து மேலே ஏற்ற வேண்டும், போன் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் நட்சத்திரத்தை அழுத்துங்கள், அவருக்கு முதல் இடம் கொடுங்கள் என்று பேசினார். ரேஷன் வரிசையிலும் அதையே பேசினார். மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தவர்களிடமும், மாரியம்மன் கோயிலில் கூழ் வாங்க நின்றவர்களிடமும் பேசினார்.

ஊரே அழுத்தியது. கண் தெரியாதவர்கள் பேரப்பிள்ளையிடம் விரலைக் கொடுத்து அழுத்தினார்கள். போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுப் போனைக் கடன் வாங்கி அழுத்தினார்கள். பாராட்டுகளும் எழுதினார்கள். 'கையில சாமி இருக்குது.' 'பத்து வருஷ அரிப்பு பதினைந்து நாளில் போச்சு.' 'இவர் இருக்கும் திசையை நோக்கிக் கும்பிடுகிறோம்.' 'நெம்பர் ஒன் டாக்டர், வேறு யாரையும் பார்க்க வேண்டாம்.' எண்ணும் வேலை என்னுடையது. நூற்று நாற்பது பேர்.

அடுத்த ஆய்வுக்கு மாதவராஜ் வந்தபோது ராஜப்பன் மாலையோடு நின்றார். அருண்குமார் டேப்லெட்டைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். மூடித் திறந்தார்.

திருமால் டாக்டர் ஒன்று புள்ளி ஐந்தில் இருந்தார்.

நூற்று நாற்பது பேரும் ஒன்றை அழுத்தியிருந்தார்கள்.

ராதிகா டீச்சர் சுவரில் சாய்ந்துகொண்டார். மனக்கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பத்தே பத்துப் பேர் ஐந்து போட்டிருந்தால் நாலு புள்ளி ஐந்து வந்திருக்கும் என்றார். மாலை ராஜப்பன் கையிலேயே இருந்தது.

"ஏன் சின்னக்கா, ஏன் எல்லாரும் ஒண்ணு போட்டீங்க?"

"வேற என்னத்த போடறது டீச்சர்? ஒண்ணாவது ரேங்க்குக்குத்தான மேடையில ஏத்திக் கப்பு குடுக்கறீங்க?"

"இது ரேங்க் இல்ல. அஞ்சு போட்டாத்தான் ரொம்ப நல்லவர்னு அர்த்தம்."

"எம் பையன் அஞ்சாவது ரேங்க் எடுத்தப்ப ரொம்ப நல்லவன்னு நீங்க சொல்லலியே டீச்சர். என்னை வரச்சொல்லி ஒரு மணி நேரம் நிக்கவச்சீங்க."

மாதவராஜ் பாராட்டுகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். சாமி, திசை, கும்பிடு எல்லாம் வந்தது. இவ்வளவு புகழ்ச்சிக்கு ஏதாவது மதிப்பு உண்டா என்று அருண்குமாரிடம் விசாரித்தார். எழுத்துக்கு மதிப்பு இல்லை, எண்ணுக்குத்தான் என்று பதில் வந்தது.

மாற்றிப் போட்டுவிடலாம், அழுத்தியவர்களே திருத்த முடியும் என்றும் அருண்குமார் சொன்னார். அன்று சாயங்காலமே டீச்சர் ஊரைக் கூட்டிக் கரும்பலகையில் ஐந்து நட்சத்திரம் வரைந்து விளக்கினார். நிறைய நட்சத்திரம் இருந்தால் நிறைய நல்லது. எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டுத் திருத்த மாட்டோம் என்றார்கள். எங்கள் டாக்டரை ஒன்றாவது இடத்திலிருந்து ஐந்தாவது இடத்துக்கு இறக்க எங்கள் கையாலேயே அழுத்துவதா? இது கலைமணி கிளப்பிவிட்டது என்று ஒருவர் சொன்னார். சொன்ன பிறகு அதைவிட நல்ல விளக்கம் யாருக்கும் தோன்றவில்லை. அதுவரை மறந்திருந்த ஏழு பேர் அங்கேயே போனை எடுத்துப் புதிதாக ஒன்றை அழுத்தினார்கள்.

கலைமணி இதில் நிஜமாகவே குற்றமற்றவர். ஆனால் களிம்பு விற்பனை கூடியிருந்ததால் மறுக்கவில்லை.

இப்படியே நாள் போனது. சகாயராணி தினமும் வந்து பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, உள்ளே புளி எவ்வளவு போடுவது என்று சின்னக்காவுக்குச் சத்தம் போட்டுச் சொல்வாள். குரலுக்குத் தடையில்லை. ஆனால் குரலில் போகிற புளி அளவு மாறிவிடுகிறது. பிள்ளைகள் முட்டையை மட்டும் சாப்பிட்டுவிட்டுச் சோற்றை ஆட்டுக்கு வைத்தார்கள். ஆடு முதல் வாரம் சாப்பிட்டது.

விதியைத் தளர்த்தச் சொல்லி அலுவலருக்கு நாங்கள் எழுதிய மனுக்கள் பலன் தரவில்லை. பலன் தந்தது ஆய்வுதான். ஆய்வுக்கு வருகிறவர் அங்கேதான் சாப்பிட வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. மூன்றாவது ஆய்வில் மாதவராஜ் சின்னக்காவின் சாம்பாரை ஒரு வாய் எடுத்து, வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். விழுங்கியதும், இந்தப் பிரச்சினைக்கு மனிதாபிமான அடிப்படையில் தீர்வு காண வேண்டிய தருணம் வந்துவிட்டது என்றார்.

தீர்வு அவரே கண்டார். டாக்டரை மாற்ற முடியாது, நட்சத்திரத்தை மாற்ற முடியாது, ஊரை மாற்றவே முடியாது. எண்ணை மாற்றலாம்.

தீர்மானம் போட எட்டுப் பேர் வேண்டும். எண்ணினேன். சரியாக எட்டு இருந்தோம். ராஜப்பன் எழுத, மாதவராஜ் சொன்னார்: "இவ்வூராட்சியின் எல்லைக்குள், வழிவழியாக வரும் வழக்கத்தைக் கருத்தில் கொண்டு, நட்சத்திரங்களைப் பொறுத்தவரை ஒன்று என்பது ஐந்து எனவும், ஐந்து என்பது ஒன்று எனவும் கருதப்படும்."

"சிஸ்டம் ஏத்துக்குமா சார்?" என்றார் அருண்குமார்.

"தீர்மான எண் கேட்கும். போட்டா ஏத்துக்கும்."

போட்டார். ஏற்றுக்கொண்டது. திருமால் டாக்டர் அந்த நிமிடமே எங்கள் எல்லைக்குள் மாவட்டத்திலேயே நம்பகமான தோல் மருத்துவர் ஆனார். கூடவே, வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் வரும் எங்கள் தொட்டியும் முன்மாதிரித் தொட்டி ஆகிவிட்டது. பின்னால் மூன்று ஊராட்சிகளிலிருந்து அதைப் பார்க்க வந்தார்கள். பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்கள். இல்லை.

அடுத்த வரி, தோலில் அடையாளம் உள்ள சமையலர் சகாயராணி அப்படிப்பட்ட மருத்துவரின் சான்றிதழோடு பணிக்குத் திரும்பலாம் என்பது. ராஜப்பன் அதை எழுதப் போகும்போது சகாயராணி எழுந்து நின்றாள்.

"எம் பேரு வேண்டாங்க சார். எனக்கு மட்டும்னு எழுதினா நாளைக்கு ஊருல ஒரு மாதிரி பேசுவாங்க. எல்லாருக்கும்னு எழுதிடுங்க."

மாதவராஜுக்கு இது பிடித்துவிட்டது. சமத்துவம் என்று இரண்டு முறை சொன்னார். அதன்படி, தோலில் அடையாளம் கண்ட எவராயினும், எப்பதவியினராயினும், நம்பகமான உள்ளூர் தோல் மருத்துவரின் சான்றிதழ் இன்றி இவ்வூராட்சிக்குள் பொதுப்பணி எதையும் தொடக்கூடாது என்று எழுதப்பட்டது. எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டோம்.

ஒரு சிறு தடங்கல் மட்டும் வந்தது. சான்றிதழில் இரண்டு அங்குல வட்டம் என்று இருந்தது. இந்த இரண்டு மாதத்தில் மாத்திரை தன் வேலையைச் செய்துவிட்டதால் கையில் வட்டம் இல்லை. வட்டம் இல்லாத கைக்கு வட்டச் சான்றிதழ் பொருந்தாது என்றார் அருண்குமார். டேப்லெட் போட்டோ கேட்கிறது. கடைசியில் ராதிகா டீச்சர் கவராயத்தை வைத்து, சிவப்புப் பேனாவால், சகாயராணியின் கையில் இரண்டு அங்குலத்துக்கு அழகான வட்டம் ஒன்று போட்டார். போட்டோ எடுத்தார்கள். பொருந்தியது. தேங்காயெண்ணெய் தொட்டு வட்டத்தைத் துடைத்துவிட்டு, சகாயராணி அடுப்படிக்குப் போனாள்.

இப்படி ஒரு நாளை வெறுமனே விடக்கூடாது என்று ராஜப்பன் சால்வையை எடுத்துவந்தார். எங்கள் ஊராட்சிக்குச் சால்வை ஒன்றுதான். சரிகைக் கரை போட்டது. துவைத்தால் சரிகை கறுத்துவிடும் என்பதால் வாங்கியதிலிருந்து துவைத்ததில்லை. ஒருவருக்குப் போர்த்துவோம், போட்டோ எடுப்போம், உருவி மடித்து அடுத்தவருக்குப் போர்த்துவோம். இதனால் யாருடைய கவுரவமும் குறைந்ததில்லை. மாதவராஜுக்குப் போர்த்தினார்கள். அருண்குமார், டீச்சர், கலைமணி, சின்னக்கா, தனக்குத்தானே ராஜப்பன். வெயில் காலம், மின்விசிறி ஓடவில்லை, எல்லாருக்கும் வேர்த்து ஒழுகியது. கடைசியில் எனக்கும் போர்த்தினார்கள். எதற்கு என்று கேட்டேன். எட்டு என்று சரியாக எண்ணியதற்கு என்றார் ராஜப்பன். இந்த வயதில் எனக்கு முதல் சால்வை. கழற்ற மனம் வராமல் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தேன்.

சகாயராணி உள்ளே எல்லாருக்கும் போண்டா போட்டுக்கொண்டிருந்தாள். கையெல்லாம் எண்ணெய், சால்வை கெட்டுவிடும் என்று அவளைக் கூப்பிடவில்லை.

இரண்டு வாரம் கழித்து எனக்குக் கழுத்தில் அரித்தது.

வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு கலைமணி கடைக்குப் போனேன். அங்கே ராஜப்பனும் துண்டோடு நின்றார். கலைமணி கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தார். ஆளுக்கு ஒரு சிவப்பு மூடிக் களிம்பு வாங்கிப் போனோம். நாலு நாள் அடங்கியது. ஐந்தாம் நாள் எனக்கு முதுகுக்கும் வந்துவிட்டது. கலைமணிக்கு இரண்டு தோளிலும் வந்துவிட்டது. அவர் மற்றவர்களைவிடக் களிம்பை நிறையப் பூசியிருந்தார். கடை அவருடையது.

எங்கள் டாக்டரிடமே போவோம் என்று ஏரியூர் போனோம். ராதிகா டீச்சரும் சின்னக்காவும் அதே பஸ்ஸில் இருந்தார்கள். உரக்கடை மாடியில் பூட்டுத் தொங்கியது. பெயர்ப் பலகை இருந்த இடத்தில் நாலு ஆணி மட்டும் இருந்தது.

உரக்கடைக்காரர் மாதப்பன் விவரம் சொன்னார். வெளியூர் ஆட்கள் போனில் ஒன்று புள்ளி ஐந்தைப் பார்த்துவிட்டு மாடிப்படி வரை வந்து திரும்பிப் போனார்களாம். பிறகு மாடிப்படி வரையும் வரவில்லை. டாக்டர் ஒசூர்ப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார்.

"போறப்ப ஏதாச்சும் சொன்னாருங்களா?" என்று சின்னக்கா கேட்டாள்.

"சொன்னாரு. குள்ளன்கொட்டாய்க்காரங்க எழுதினதப் படிச்சேன் மாதப்பா, கண்ணுல தண்ணி வந்துருச்சுன்னாரு. அப்புறம் நட்சத்திரத்தப் பாத்தேன், மறுபடியும் வந்துருச்சுன்னாரு."

பஸ் வந்ததும் சின்னக்கா, அங்கே ஒசூரில் அவருக்கு எத்தனையாவது இடமாம், நாம் வேண்டுமானால் ஒன்று போட்டு விடலாமா என்று கேட்டாள். டீச்சர் அவள் போனைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

தருமபுரிக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் எங்களுக்கு முன்னால் மாதவராஜும் அருண்குமாரும் நின்றிருந்தார்கள். மாதவராஜுக்குக் காலர் ஓரத்தில். அருண்குமாருக்கு, பூசாத இடத்தில். ஏழு பேரையும் டாக்டர் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்துவிட்டு, எல்லாரும் ஒரே துணியைப் போட்டுக்கொண்டீர்களா என்று கேட்டார். நாங்கள் தரையைப் பார்த்தோம். யாரிடமிருந்து ஆரம்பித்தது என்று விசாரிக்க ஒரு குழு அமைக்கலாம் என்றார் மாதவராஜ். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மாத்திரை கிடைத்துவிட்டது. சான்றிதழும் கிடைத்தது. அது செல்லவில்லை.

மறுநாள் காலை டீச்சர் வருகைப் பதிவு போடப் போனார். தீர்மானத்தை ஏற்றுக்கொண்டிருந்த டேப்லெட், தோலில் அடையாளம் உண்டா என்று கேட்டு போட்டோ எடுத்தது. சான்றிதழைக் காட்டச் சொன்னது. காட்டினார். மருத்துவர் உள்ளூரா என்று கேட்டது. இல்லை. தாங்கள் பொதுப்பணியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டது. ராஜப்பனுக்கும் அப்படியே. சின்னக்காவுக்கும் அப்படியே. எங்கள் எல்லைக்குள் அரசு மருந்து வாங்கித் தரும் கலைமணிக்கும், எண்ணிச் சொல்கிற எனக்கும் அப்படியே. மாதவராஜால் ஜீப்பை விட்டு இறங்கவே முடியவில்லை. கடைசியில் அருண்குமாருக்கே அவருடைய டேப்லெட் திறக்க மறுத்துவிட்டது.

மாதவராஜ் மேலிடத்துக்குப் போன் போட்டார். மேலிடம் நடைமுறையை விளக்கியது. ஊராட்சி போட்ட தீர்மானத்தை ஊராட்சிதான் ரத்து செய்ய வேண்டும். அதுவரை, தகுதியுள்ளவர்கள் பொறுப்பு வகிக்க வேண்டும்.

எங்கள் எட்டுப் பேரில் தோல் சுத்தமாகவும், செல்லுபடியாகும் சான்றிதழோடும் இருந்தது ஒரே ஆள். அன்று மதியமே சத்துணவுக் கூடத்தின் கதவில் பலகை மாட்டினார்கள்: சகாயராணி, சமையலர், தலைமை ஆசிரியர் (பொறுப்பு), ஊராட்சிச் செயலாளர் (பொறுப்பு), வட்டார நம்பகத்தன்மை உறுதிப்பாட்டு அலுவலர் (பொறுப்பு). டேப்லெட்டைப் பருப்பு டின்னுக்கும் புளிப் பானைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். காலையில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு, அடுப்பில் உலை, இடையில் வருமானச் சான்று கேட்டு வருகிறவர்களுக்குக் கையெழுத்து. ஒரு வேலையும் நிற்கவில்லை. சில வேலைகள் முன்னைவிடச் சீக்கிரம் நடப்பதாக ஊரில் பேச்சு வந்தது. அதை மட்டும் மாதவராஜால் தாங்க முடியவில்லை.

ஜீப்பை வாசலுக்கு வெளியே நிறுத்தி, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார்.

"அம்மா, நீங்க மனசு வச்சு எங்க சான்றிதழை ஏத்துக்கிட்டா முடிஞ்சுது."

"மனசு இருக்குதுங்க சார். பொட்டிதான் ஏத்துக்க மாட்டேங்குது."

"ஏதாவது வழி இருக்கும்."

"எல்லாருக்கும்னு எழுதிட்டோமுங்களே சார்," என்றார் சகாயராணி. குரலில் வருத்தம் இருந்த மாதிரிதான் தெரிந்தது. "வெயில்ல நிக்காதீங்க. தட்டை வெளியவே குடுத்தனுப்பறேன்."

ஏழு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாம்பார் பழையபடி இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் மாதவராஜ் நிமிர்ந்து உட்கார்ந்து, இப்போதே கூட்டத்தைக் கூட்டித் தீர்மானத்தை ரத்து செய்துவிடுவோம் என்றார். கூட்டத்தை முறைப்படி கூட்டத் தகுதியுள்ளவர் சகாயராணி அம்மா. அவரும் மறுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே நாற்காலியில் போய் உட்கார்ந்து, தீர்மானப் புத்தகத்தைத் திறந்தார்.

தகுதியுள்ளவர்களை எண்ணிச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொன்னார்கள். கழுத்தைச் சொறிந்துகொண்டே, ஜன்னல் வழியாக இரண்டு முறை எண்ணினேன். வேண்டியது எட்டு. இருந்தது ஒன்று.